விண்டோஸ், மேக், லினக்ஸ் கலந்த அலுவலகத்தில் கோப்புகள் ஊர்ந்து செல்வது ஏன்: படிப்படியான வழிகாட்டி

கொட்டாஞ்சேனையில் மும்மொழிகளிலும் திருமண அழைப்பிதழ் அச்சிடும் ஒரு சிறிய அச்சகம். வடிவமைப்பாளரிடம் ஒரு மேக்புக், கணக்கு மேசையில் இரண்டு விண்டோஸ் கணினிகள், படிக்கட்டுக்குக் கீழே உபுண்டு லினக்ஸ் ஓடும் ஒரு பழைய கணினி. அந்தப் பழைய கணினிதான் சம்பா மென்பொருளின் துணையோடு எல்லோருக்கும் பொதுவான கோப்புச் சேவையகமாக இயங்கியது. நான் உள்ளே நுழைந்ததும் உரிமையாளர் சொன்ன முதல் வார்த்தை: "தம்பி, இன்டர்நெட் சரியான ஸ்லோவாக் கிடக்குது. கொம்பனிக்கு எத்தனை தரம் எடுத்துச் சொல்லியும் ஒண்டும் நடக்கேல்லை."

இணையத்துக்கும் அவருடைய சிக்கலுக்கும் தொடர்பே இல்லை. மேக்கில் இருந்து சேவையகத்துக்குச் செல்லும் கோப்பு அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறுவதில்லை; கேபிள் வழியாக, கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் பெட்டிக்குப் போய், அங்கிருந்து படிக்கட்டுக்குக் கீழே இறங்குகிறது, அவ்வளவுதான். ரவுட்டருக்குள் வரும் இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு அதே கோப்பை மீண்டும் அனுப்பிக் காட்டினேன். அதே மந்தம். அந்தக் கடையில் பின்னர் கண்டுபிடித்தவை ஒன்றல்ல, மூன்று தனித்தனிக் கோளாறுகள். மூன்றையும் "ஸ்லோ" என்ற ஒரே சொல்லால் அவர்கள் அழைத்து வந்ததால்தான் ஒன்றைச் சரிசெய்தபோதும் எதுவும் சரியாகாதது போலத் தோன்றியிருக்கிறது. கீழே வரும் படிகளை நான் பின்பற்றும் வரிசையிலேயே எழுதுகிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறேன். முனையத்தில் தட்டும்போது அவற்றின் ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்த வேண்டும்.

முதற்படி: எந்த வகை மந்தம் என்பதைப் பிரித்தறிதல்

பகிர்ந்த கோப்புறையைத் திறக்க ஐந்து, பத்துச் செக்கன்கள் காத்திருக்க நேர்ந்து, திறந்தபின் கோப்புகள் விரைவாக நகர்ந்தால், அது பெயர் தேடும் கோளாறாகவே பெரும்பாலும் இருக்கும். ஒரே ஒரு பெரிய கோப்பே மெதுவாக நகர்ந்தால், கேபிள், சுவிட்ச், வைஃபை, இயக்கி (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) ஆகிய கீழ்த்தட்டுப் பொருள்களில் ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. பெரிய கோப்பு விரைவாகப் போய், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் உள்ள கோப்புறை மட்டும் ஊர்ந்தால், குற்றம் கோப்புப் பகிர்வு நெறிமுறையிலோ, இரண்டு இயங்குதளங்களின் பழக்க வேறுபாட்டிலோ இருக்கும். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் அமைப்புகளை மாற்றத் தொடங்குபவர் மாலைக்குள் நான்காவது கோளாறு ஒன்றை உண்டாக்கிவிடுவார்.

ஆகவே இரண்டு சோதனைப் பொருள்களைத் தயார் செய்யுங்கள். ஒன்று, ஏறத்தாழ 1 ஜிகாபைட் அளவுள்ள ஒரு காணொளிக் கோப்பு. மற்றது, சுமார் 2,000 சிறிய படங்கள் உள்ள ஒரு கோப்புறை. ஒவ்வொரு சோடிக் கணினிக்கும் இடையே இரண்டு திசைகளிலும் அனுப்பி, எடுத்த நேரத்தைத் தாளில் எழுதுங்கள். மேக்கில் இருந்து லினக்ஸுக்கு, லினக்ஸில் இருந்து மேக்குக்கு, விண்டோஸில் இருந்து லினக்ஸுக்கு என்று நிரப்பி முடிக்கும்போது பாதி விடை தாளிலேயே தெரியும். அச்சகத்தில் விண்டோஸில் இருந்து சேவையகத்துக்குப் பெரிய கோப்பு பத்துச் செக்கன்களுக்குள் போனது. மேக்கில் இருந்து போன அதே கோப்புக்கு ஒன்றரை நிமிடம் பிடித்தது. சேவையகம் குற்றமற்றது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அந்த எண்களை வாசிக்க ஒரு சிறிய கணக்கு தெரிந்திருக்க வேண்டும். வலையமைப்பின் வேகம் மெகாபிட்டிலும், கோப்பின் அளவு மெகாபைட்டிலும் சொல்லப்படுகின்றன. எட்டுப் பிட் ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பில் செக்கனுக்கு 11 அல்லது 12 மெகாபைட்டும், 1 ஜிகாபிட் இணைப்பில் 110 மெகாபைட்டுக்குச் சற்று மேலும் கிடைக்கும். எனவே உங்கள் பரிமாற்றம் செக்கனுக்கு 11 மெகாபைட் என்ற இடத்தில் அசையாமல் நின்றால், எங்கோ ஒரு கண்ணி 100 மெகாபிட்டில் ஓடுகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். அந்த எண்ணை நான் மேக்கில் கண்டபோது மென்பொருள் அமைப்புகளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராகக் கேபிளைத்தான் பார்த்தேன்.

இரண்டாம் படி: கம்பியும் அதன் முனைகளும்

இணைப்பு எந்த வேகத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறது என்பதை ஒவ்வொரு கணினியிலும் பாருங்கள். விண்டோஸில் அமைப்புகள் பகுதியில் ஈதர்நெட் விவரத்தில் இணைப்பு வேகம் தெரியும். மேக்கில் வலையமைப்பு அமைப்பில் ஈதர்நெட்டைத் தெரிந்து, விவரங்களுக்குள் வன்பொருள் பகுதியைத் திறக்க வேண்டும். லினக்ஸில் ஈத்டூல் என்ற கட்டளையுடன் வலையட்டையின் பெயரைத் தந்தால் வேகமும், முழு இருவழியா அரை இருவழியா என்பதும் வரும்.

ஜிகாபிட் எதிர்பார்க்கும் இடத்தில் 100 காட்டினால், காரணம் பெரும்பாலும் இதுதான்: 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு ஊசிகள், அதாவது இரண்டு சோடிக் கம்பிகள், போதும், ஜிகாபிட்டுக்கோ எட்டுக் கம்பிகளும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும், முனையில் சரியாக நசுங்காமல் இருந்தாலும், இரு முனைகளும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடுகின்றன. விளக்கு எரியும், பிங் என்ற சிறு சோதனைச் செய்தியும் போகும், எல்லாம் நலமாக இருப்பது போலவே இருக்கும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று செம்பு முனைகளில் பச்சை பிடிக்க வைப்பதையும், ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களின் இடிமழைக்குப் பின் சுவிட்சின் ஒரு துளை மட்டும் அரை உயிராகக் கிடப்பதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். கேபிளை மாற்றிப் பார்ப்பதும், சுவிட்சில் வேறு துளைக்கு மாற்றிப் பார்ப்பதும் இரண்டு நிமிட வேலை. வேறு எதற்கும் முன்னர் அதைச் செய்யுங்கள். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பியா, செம்பு பூசிய அலுமினியமா என்று கேட்டு வாங்குங்கள். கையில் எடுத்தாலே பின்னது எடை குறைவாக இருக்கும். நீண்ட தூரத்துக்கு அதை நம்ப முடியாது.

அச்சகத்தின் முதற் கோளாறு இங்கேதான் இருந்தது, ஆனால் கேபிளில் அல்ல. மெல்லிய மேக்புக்குகளில் ஈதர்நெட் துளை கிடையாது. ஆகவே யூஎஸ்பி வழியாக ஓர் இணைப்பியைச் செருக வேண்டும். புறக்கோட்டையில் மலிவாக வாங்கிய அந்த இணைப்பியின் உறையில் ஜிகாபிட் என்று அச்சிட்டிருந்தது. உள்ளே இருந்த சில்லோ 100 மெகாபிட்டுக்கு மேல் அறியாதது. யூஎஸ்பி 2.0 வகை இணைப்பிகளில் உண்மையான ஜிகாபிட் சில்லு இருந்தாலும், அந்த யூஎஸ்பியின் உச்சம் 480 மெகாபிட்தான் என்பதால் முழு வேகம் கிடைக்காது. யூஎஸ்பி 3 இணைப்பி ஒன்றை மாற்றியதும் ஒன்றரை நிமிடம் பத்துச் செக்கன்களாகக் குறைந்தது. வடிவமைப்பாளர் ஒன்றும் பேசாமல் அதே கோப்பை மூன்று முறை அனுப்பிப் பார்த்தார்.

கணினிகள் எல்லாம் 4ஜி ரவுட்டரின் பின்புறத் துளைகளிலேயே செருகப்பட்டிருந்தால் அந்தத் துளைகளின் வேகத்தையும் பாருங்கள். வீட்டுப் பாவனைக்கான ரவுட்டர்கள் பலவற்றில் அவை 100 மெகாபிட்தான். தனியாக ஒரு ஜிகாபிட் சுவிட்சை வாங்கி, கணினிகளை அதில் செருகி, அதிலிருந்து ஒரு கேபிளை மட்டும் ரவுட்டருக்குக் கொடுத்தால், கணினிகளுக்கிடையிலான போக்குவரத்து ரவுட்டரைத் தொடாமலே நடக்கும்.

இன்னொரு பழைய வியாதி உண்டு. யாரோ ஒருவர் ஒரு கணினியின் வலையட்டையில் வேகத்தையும் முழு இருவழியையும் கையால் பூட்டி வைத்திருப்பார். மறுமுனையில் உள்ள சுவிட்ச் தானியங்கியாக இருக்கும். பேச்சுவார்த்தைக்குப் பதில் கிடைக்காத சுவிட்ச் வேகத்தை ஊகித்துக்கொள்ளும். இருவழியை ஊகிக்க முடியாமல் அரை இருவழிக்குப் போய்விடும். ஒருவர் எப்போதும் பேச, மற்றவர் இடைவெளி கிடைத்தால்தான் பேசுவார் என்ற நிலை. சிறிய பிங் பழுதின்றிப் போகும், பெரிய கோப்பு மட்டும் தள்ளாடும். இரு முனைகளையும் தானியங்கிக்கே விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: வைஃபை

இதில் நான் அதிக நேரம் செலவிடுவதில்லை. பெரிய கோப்புகளைத் தினமும் நகர்த்தும் கணினி கேபிளில் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. வைஃபை காற்றைப் பங்குபோடும் ஒற்றைப் பாதை; ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். திரையில் காட்டும் இணைப்பு வேகத்தில் ஏறத்தாழப் பாதியே கோப்புக்குக் கிடைக்கும். இரண்டு மடிக்கணினிகளும் வைஃபையில் இருந்தால், அந்தப் பாதியும் இரண்டாகப் பிரியும், ஏனெனில் ஒவ்வொரு பொதியும் (தரவின் சிறு துண்டும்) காற்றில் இரண்டு தடவை பயணிக்கிறது.

கேபிள் இழுக்கவே முடியாது என்றால், மேக்கில் ஒப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைச் சொடுக்குங்கள். சமிக்ஞை வலு, அலைவரிசைத் தடம், வேகம் மூன்றும் தெரியும். மைனஸ் 50 அளவில் இருந்தால் நல்லது, மைனஸ் 70ஐத் தாண்டினால் ரவுட்டரை நகர்த்த வேண்டும். வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அயலாரின் வலையமைப்புகளே பத்து இருபது தெரியும். அங்கே ஒன்றையொன்று தொடாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். மேக்கில் மட்டும் சில நொடிகளுக்கு ஒருமுறை தடுமாற்றம் வந்தால், ஏர்டிராப்பை அணைத்துப் பாருங்கள். அது அயலிலுள்ள ஆப்பிள் கருவிகளைத் தேடுவதற்காக அவ்வப்போது வேறு தடத்துக்குத் தாவி வரும்.

நான்காம் படி: கோப்பு இல்லாமல் குழாயை மட்டும் அளத்தல்

இதுவரை எதுவும் அகப்படாவிட்டால், வட்டையும் கோப்புப் பகிர்வையும் விலக்கி, வலையமைப்பை மட்டும் தனியாக அளக்க வேண்டும். அதற்கு ஐபெர்ஃப் 3 என்ற இலவசக் கருவி மூன்று இயங்குதளங்களுக்கும் கிடைக்கிறது. சேவையகத்தில் அதை 'எஸ்' தெரிவுடன் ஓடவிட்டு, மறு கணினியில் 'சி' தெரிவும் சேவையக முகவரியும் தந்து ஓட்டினால், பத்துச் செக்கன்களில் வேகத்தைச் சொல்லும். 5201 என்ற துறையைத் தீச்சுவரில் திறந்து வைத்திருக்க வேண்டும். நல்ல ஜிகாபிட் இணைப்பில் 940 மெகாபிட்டை ஒட்டி வரும். மீதி பொதிகளின் தலைப்புகளுக்குப் போகிறது. விண்டோஸில் பழைய பதிப்பு குறைவாகக் காட்டினால், நான்கு இணையான ஓட்டங்களைக் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, பெரிய எழுத்து 'ஆர்' தெரிவைச் சேர்த்துத் திசையைத் திருப்புங்கள். இதைப் பலர் செய்வதில்லை. ஒரு திசையில் 940உம் மறு திசையில் 60உம் வந்தால், இயங்குதளத்தின் இயல்பு அது அல்ல. வலையட்டையின் இயக்கியோ கம்பியோ பழுது. அனுப்பும் பக்கம் விண்டோஸாக இருந்தால், இயக்கியின் மேம்பட்ட பண்புகளில் பெரும் அனுப்பல் சுமையிறக்கம் (லார்ஜ் சென்ட் ஆஃப்லோட்) என்ற வசதியை அணைத்தும், ஆற்றல் சேமிப்பு ஈதர்நெட்டை (எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்) அணைத்தும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒன்றை மாற்றினால் அளந்து பார்த்து, பயனில்லையெனில் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும்.

இணையத்தில் பரவலாகக் காணப்படும் ஓர் அறிவுரையை இங்கே எச்சரிக்கையோடு குறிப்பிட வேண்டும். விஸ்டா முதல் விண்டோஸ் தன் பெறும் சாளரத்தை, அதாவது ஒரே தடவையில் பெறக்கூடிய தரவின் அளவை, தானே அளவிட்டுக்கொள்கிறது. அதை நெட்எஸ்எச் கட்டளையால் முடக்கினால் வேகம் கூடும் என்று எழுதியிருப்பார்கள். உள்ளூர் வலையமைப்பில் அதனால் பயன் ஏதும் இல்லை, தொலைதூர இணைப்பில் அது கேடு. யாரேனும் முன்பே முடக்கியிருந்தால் இயல்பு நிலைக்குத் திருப்புங்கள். சம்பாவின் அமைப்புக் கோப்பில் சாக்கெட் தெரிவுகள் என்ற வரியில் 8192 என்று தாங்ககத்தின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவிடத்தின்) அளவைக் கட்டிப்போட்டிருப்பதும் இதே இனம்தான். ஒரு காலத்துக்குப் பொருந்திய மருந்து. இன்றைய லினக்ஸ் தானாக அளவைக் கூட்டுவதை அது தடுக்கிறது. அந்த வரியை அழித்துவிடலாம்.

ஐந்தாம் படி: பெயர் தேடும் தாமதம்

கோப்புறை திறக்கவே தாமதமானால், பெயருக்குப் பதிலாக 192.168.1.10 போன்ற முகவரியை நேரே தந்து திறந்து பாருங்கள். உடனே திறந்தால் நோய் பெயரில் இருக்கிறது. மேக், தன் அயல் கணினிகளை 'லோக்கல்' என்று முடியும் பெயர்களால் பல்முனை டிஎன்எஸ் (அயலில் எல்லோரையும் ஒரே நேரத்தில் கேட்கும் பெயர்த் தேடல்) வழியாகத் தேடுகிறது. லினக்ஸில் அவாகி சேவை ஓடினால்தான் அதற்குப் பதில் கிடைக்கும். விண்டோஸ் தனக்கென்று வேறு வழிகளையும் வைத்திருக்கிறது. ஒருவர் கேட்கும் மொழி மற்றவருக்குப் புரியாதபோது, கேள்வி ரவுட்டருக்குப் போய், அங்கிருந்து இணையச் சேவை வழங்குநருக்குப் போய், பதில் வராமல் காலாவதியாகிறது. லினக்ஸின் பெயர்த் தேடல் ஒரு முயற்சிக்கு இயல்பாக 5 செக்கன் காத்திருக்கும்; தாமதம் எப்போதும் ஐந்தின் மடங்காக வந்தால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

சிறிய அலுவலகத்துக்கு எளிய மருந்து, சேவையகத்துக்கு ரவுட்டரில் நிலையான முகவரியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் அந்தப் பெயரையும் முகவரியையும் ஒரு வரியாக எழுதிவைப்பது.

ஆறாம் படி: எஸ்எம்பி நெறிமுறை எந்தப் பதிப்பில் பேசுகிறது

விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் கோப்புப் பகிரும் பொது மொழி எஸ்எம்பி. விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பும், விண்டோஸ் 8ஓடு மூன்றாம் பதிப்பும் வந்தன; மேக்கில் 2013இல் வந்த மாவரிக்ஸ் முதல் இரண்டாம் பதிப்பே இயல்பு மொழியாயிற்று. முதற் பதிப்பில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகள் இருந்தன. இரண்டாம் பதிப்பில் அவை 19 ஆகச் சுருங்கின. பல கோரிக்கைகளை ஒன்றாகக் கட்டி அனுப்பவும், பதிலுக்குக் காத்திராமல் அடுத்ததைக் கேட்கவும் புதியது அறியும். ஆகவே இரு கணினிகள் எந்தப் பதிப்பில் பேசுகின்றன என்று தெரிந்துகொள்வது முக்கியம். சேவையகத்தில் எஸ்எம்பிஸ்டேட்டஸ் கட்டளையும், மேக்கில் எஸ்எம்பியூட்டில் கட்டளையின் ஸ்டாட்ஷேர்ஸ் பகுதியும், விண்டோஸ் பவர்ஷெல்லில் கெட்-எஸ்எம்பிகனெக்‌ஷன் கட்டளையும் அதைச் சொல்லும்.

பழைய போட்டோகொப்பி இயந்திரம் ஸ்கான் செய்த படத்தைப் பகிர்வு கோப்புறையில் போட மறுத்தபோது, யாரோ சம்பாவில் எஸ்எம்பியின் முதற் பதிப்பை அனுமதித்திருப்பார்கள். குறைந்தபட்சப் பதிப்பைத் தளர்த்தினால் மற்றக் கணினிகளின் வேகம் குறையாது. ஆனால் 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற கப்பம் கேட்கும் தீநிரல் விண்டோஸ் கணினிகளில் பரவப் பயன்படுத்திய பழைய மொழியை அனுமதித்ததாகும். உச்சப் பதிப்பை முதற் பதிப்பில் கட்டியிருந்தாலோ எல்லாக் கணினிகளும் பழைய மொழியில் இழுபட்டே பேசும். அந்த வரி இருந்தால் அகற்றுங்கள். போட்டோகொப்பி இயந்திரத்துக்கு எஃப்டிபி வழியோ மின்னஞ்சல் வழியோ கொடுங்கள்.

அண்மைக் காலத்தில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், புரோ போன்ற அலுவலகப் பதிப்புகள் எஸ்எம்பி கையொப்பத்தைக் கட்டாயமாக்கியுள்ளன. ஒவ்வொரு செய்திக்கும் கையொப்பம் கணிக்க வேண்டியிருப்பதால், வலுக்குறைந்த செயலியுள்ள பழைய வலைச்சேமிப்புப் பெட்டிகளில் வேகம் சட்டென்று விழும். பரிமாற்றத்தின்போது அந்தப் பெட்டியின் செயலி நூறு வீதத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால், கையொப்பத்தை அணைப்பதைவிட அந்தப் பெட்டியை மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். இடையில் யாரும் செய்தியைத் திருத்தவில்லை என்பதற்கு அந்தக் கையொப்பமே காப்பு.

மேக் சம்பாவோடு பேசும்போது தனித் தொல்லை உண்டு. மேக்கின் கோப்பு உலாவியான ஃபைண்டர் ஒவ்வொரு கோப்போடும் கூடுதல் தகவல்களைக் கொண்டு திரியும். அவற்றை வைக்க இடம் இல்லையெனில் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும் இரட்டைக் கோப்பு ஒன்றை உண்டாக்கும். ஆயிரம் கோப்பு இரண்டாயிரமாகும். சம்பாவில் கேட்டியா, ஃப்ரூட், ஸ்ட்ரீம்ஸ் எக்ஸ்அட்டர் ஆகிய மூன்று கூறுகளை இதே வரிசையில் சேர்த்தால் அந்தத் தகவல்கள் கோப்பு முறைமையின் நீட்டித்த பண்புகளுக்குள் அடங்கிவிடும். அவற்றை ஒரு பகிர்வுக்கு மட்டும் தராமல், பொதுப் பகுதியிலேயே எழுதுங்கள்: மேக் முதலில் தொடும் பகிர்வில் ஃப்ரூட் இல்லாவிட்டால் அந்த இணைப்பு முழுவதற்கும் ஆப்பிள் நீட்டிப்புகள் கிடைக்காமல் போகும். மேக் ஒவ்வொரு கோப்புறையிலும் விட்டுச்செல்லும் டிஎஸ் ஸ்டோர் கோப்பை நிறுத்த, டிஃபால்ட்ஸ் கட்டளையில் ஆப்பிளே தந்திருக்கும் தெரிவு ஒன்று உண்டு. அதை இட்டபின் வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

ஏழாம் படி: கோப்புகளின் எண்ணிக்கை

ஒரு சிறு கோப்பை எழுதத் திற, விவரம் கேள், எழுது, மூடு என்று பல சுற்றுகள் தேவை. ஐந்து சுற்றுகள் என்று வையுங்கள். கேபிளில் ஒரு சுற்றுக்கு அரை மில்லிசெக்கன் ஆனால் 2,000 கோப்புக்கு 5 செக்கன். வைஃபையில் ஒரு சுற்றுக்கு 5 மில்லிசெக்கன் ஆனால் அதே வேலைக்கு 50 செக்கன். குழாயின் அகலத்தைப் பத்து மடங்காக்கினாலும் இந்தக் கணக்கு அசையாது. எனவே பழைய வேலைகளைக் களஞ்சியத்துக்கு நகர்த்தும்போது ஒரே கோப்பாகக் கட்டி அனுப்புங்கள், அல்லது விண்டோஸில் ரோபோகொப்பி என்ற படியெடுக்கும் கட்டளையைப் பல இழைகளோடு ஓட்டுங்கள்.

அச்சகத்தின் இரண்டாம் கோளாறு இதற்கு அடுத்த வீட்டுக்காரர். கணக்கு மேசையில் ஸ்கான் செய்யும் பற்றுச்சீட்டுகள் எல்லாம் பல ஆண்டுகளாக ஒரே கோப்புறையில் விழுந்து, 40,000ஐத் தாண்டியிருந்தன. ஒவ்வொரு புதிய ஸ்கானும் சேமிக்கப்பட ஓரிரு செக்கன் யோசித்தது. காரணம் சுவையானது. விண்டோஸுக்குப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே. லினக்ஸுக்கு அவை வேறுவேறு. ஆகவே விண்டோஸ் ஒரு புதிய பெயரைக் கேட்கும்போது, அந்தப் பெயர் பெரிய, சிறிய எழுத்து மாறிய வடிவில் ஏற்கெனவே இருக்கிறதா என்று சம்பா கோப்புறை முழுவதையும் வாசித்துப் பார்த்துத்தான் 'இல்லை' என்று சொல்ல முடியும். 40,000 பெயர்களை வாசித்தபின் ஒரு 'இல்லை'.

சம்பாவில் அந்தப் பகிர்வை எழுத்து வேறுபாடு பார்ப்பதாக மாற்றி, எல்லாப் பெயரும் சிறிய எழுத்திலேயே எழுதப்படுமாறு அமைக்கலாம். ஆனால் அதற்கு முன் பழைய பெயர்கள் அனைத்தையும் சிறிய எழுத்துக்கு மாற்ற வேண்டும், இல்லையெனில் அவை கண்ணுக்குத் தெரிந்தும் திறக்காத கோப்புகளாகிவிடும். நாங்கள் அந்த வழியை எடுக்கவில்லை. ஆண்டுக்கு ஒரு கோப்புறை, அதற்குள் மாதத்துக்கு ஒன்று என்று பிரித்தோம். கணக்காளர் பிள்ளை அரை நாளில் முடித்துவிட்டார்.

எட்டாம் படி: தமிழ்ப் பெயர்கள்

மூன்றாம் கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. சேவையகத்தில் இருந்து ஒரு பழைய ஐமேக்குக்கு ஒவ்வோர் இரவும் ஆர்சிங்க் என்ற கோப்பு ஒத்திசைக்கும் கருவி வழியாகக் காப்புப் பிரதி போகும். மாறிய கோப்புகள் மட்டும் போக வேண்டும். ஆனால் காலை பத்து மணிவரை வலையமைப்பு திணறியது. பதிவைத் திறந்து பார்த்தால், ஆங்கிலப் பெயருள்ளவை அமைதியாக இருக்க, 'கொழும்பு', 'கோவில்', 'பொங்கல்' என்ற பெயர்களைக் கொண்ட கோப்புறைகள் மட்டும் இரவுதோறும் அழிக்கப்பட்டு மறுபடி முழுதாகப் படியெடுக்கப்பட்டன. 'திருமணம்' என்ற பெயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். விண்டோஸும் லினக்ஸும் தட்டச்சு செய்த உருவை அப்படியே வைத்துக்கொள்கின்றன, அது வழக்கமாகச் சேர்ந்த உரு. பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமையோ எதைத் தந்தாலும் பிரித்தே சேமிக்கும். எனவே ஆர்சிங்க் இரவில் வந்து பார்க்கும்போது, மேக்கில் இருப்பது சேவையகத்தில் இல்லாத ஒரு பெயர் என்று எண்ணி, மூலத்தில் இல்லாததை அழிக்கும் தெரிவின்படி அதை அழித்துவிட்டு, புதிதாகப் படியெடுத்தது. மேக் அதையும் பிரித்துச் சேமித்தது. மறுநாள் இரவும் அதே கூத்து.

ஆர்சிங்க் மூன்றாம் பதிப்பில் ஐகான்வ் என்ற தெரிவு உண்டு. மேக் பக்கத்துக்கு யூடிஎஃப்-8-மேக் என்றும் லினக்ஸ் பக்கத்துக்கு யூடிஎஃப்-8 என்றும் தந்தால் பெயர்களை இடையிலேயே மாற்றிக்கொள்ளும். ஆப்பிள் நெடுங்காலம் உடன் தந்துவந்த 2.6.9 பதிப்பில் அது கிடையாது. ஆகவே மேக்கில் புதிய பதிப்பைத் தனியே நிறுவ வேண்டும். 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமை, தந்த உருவை மாற்றாமல் காப்பதோடு தேடும்போது இரண்டு உருவையும் ஒன்றாகவே மதிக்கிறது. ஐமேக்கின் வட்டை அதற்கு மாற்றுவதும் ஒரு வழிதான்.

ஒன்பதாம் படி: வட்டும் வைரஸ் காவலும்

ஐபெர்ஃப் 940 காட்டி, பெரிய கோப்பு மட்டும் 30 மெகாபைட்டில் நின்றால் வட்டைப் பாருங்கள். விண்டோஸில் பாவித்த என்டிஎஃப்எஸ் வெளிவட்டை அப்படியே லினக்ஸ் சேவையகத்தில் செருகிப் பகிர்ந்திருப்பது நான் அடிக்கடி காணும் காட்சி. என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற பயனர்தள இயக்கி வழியாக அது ஓடும்போது, டாப் கட்டளையில் மவுண்ட் என்டிஎஃப்எஸ் என்ற ஒன்று செயலியை விழுங்கிக்கொண்டிருப்பதைக் காணலாம். நிரந்தரமாகச் சேவையகத்திலேயே இருக்கும் வட்டு என்றால், தரவைப் பாதுகாப்பாக வேறிடம் எடுத்துவிட்டு எக்ஸ்டி4 ஆக வடிவமையுங்கள். விண்டோஸ் பக்கத்தில், வைரஸ் காவலின் உடனடிச் சோதனை சிறு கோப்புகளைத் தாமதப்படுத்துவதுண்டு. சோதனைக்காகச் சில நிமிடம் நிறுத்தி அளந்துவிட்டு உடனே மீண்டும் இயக்குங்கள்.

பத்தாம் படி: தொலைவிலுள்ள கிளை

யாழ்ப்பாணக் கிளையில் இருந்து விபிஎன் வழியாகக் கொழும்புச் சேவையகத்தைத் திறப்பவர்களுக்கு இரண்டு சோதனைகள். முதலாவது, பொதியின் அளவு. விண்டோஸில் பிங் கட்டளைக்கு 'எஃப்' தெரிவும், 'எல்' தெரிவோடு 1472 என்ற அளவும் தாருங்கள். 28 பைட் தலைப்போடு சேர்ந்து 1500 ஆகும். மேக்கில் பெரிய 'டி'யும் சிறிய 'எஸ்'உம்; லினக்ஸில் பெரிய 'எம்' தெரிவுக்கு 'டூ' (டி, ஓ என்ற இரண்டு எழுத்து) என்ற மதிப்பும், சிறிய 'எஸ்'உம். பதில் வராவிட்டால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, வரும் உச்ச அளவோடு 28ஐக் கூட்டி, அதையே விபிஎன் இடைமுகத்தின் எம்டியூவாக, அதாவது பொதியின் உச்ச அளவாக, வையுங்கள். உள்நுழைவு சரியாக நடந்து, கோப்பைத் திறந்ததும் உறைந்து நிற்கும் இணைப்புகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. உள்ளூரில் ஒரு கணினியில் மட்டும் 9000 பைட் பெரும் பொதிகளை இயக்கி வைத்தாலும் இதே உறைவு வரும்.

இரண்டாவது, தூரம். பெறும் சாளரம் 65,535 பைட்டில் கட்டுண்டிருந்தால், 50 மில்லிசெக்கன் சுற்றுநேரமுள்ள பாதையில் 10.5 மெகாபிட்டுக்கு மேல் போக முடியாது. ஃபைபர் 100 மெகாபிட்டாக இருந்தும் பயனில்லை. நான்காம் படியில் சொன்ன தானியங்கி அளவிடல் முடக்கப்பட்டிருந்தால் இங்கேதான் வலிக்கும். அதைச் சரிசெய்த பிறகும், தூரத்திலுள்ள பகிர்வில் கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பை நேரே திறக்கும் பழக்கத்தை விட்டு, கொழும்பிலுள்ள கணினிக்குள் தொலைத்திரை வழியாக நுழைந்து வேலை செய்வதே நடைமுறைக்கு ஏற்றது.

இவ்வளவுக்கும் பிடிபடாவிட்டால், வயர்ஷார்க் மென்பொருளால் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் அரை நிமிடம் பொதிகளைப் பிடியுங்கள். மறுபடி அனுப்பப்பட்ட பொதிகள் நிறைய இருந்தால் மீண்டும் இரண்டாம் படிக்குப் போய்க் கம்பியைப் பாருங்கள். மறுபடி அனுப்பல் இல்லாமல், கோரிக்கைக்கும் பதிலுக்கும் இடையே நீண்ட வெறுமை தெரிந்தால் சேவையகம் யோசிக்கிறது. வட்டையும் கோப்புறையின் அளவையும் பாருங்கள். அந்த வெறுமை ஒவ்வொரு முறையும் 40 அல்லது 200 மில்லிசெக்கனாக இருந்தால், ஒரு முனை சிறு பொதியைச் சேர்த்து அனுப்பக் காத்திருக்க, மறுமுனை 'பெற்றேன்' என்ற ஒப்புகையைத் தாமதிக்கிறது: லினக்ஸின் தாமத ஒப்புகைக்கு முன்னதும், பழைய விண்டோஸுக்குப் பின்னதும் அடையாளம். அதை வலையமைப்பில் தீர்க்க முடியாது. மென்பொருளை எழுதியவரிடம் அந்தப் பிடிப்பையே அனுப்பி வையுங்கள்.